டுடோரியல் வாத்தியாரின் விரதம்

பரீட்சையில் கோட்டைவிட்டவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற தொழிலில் முதலில் தொண்டை காயும், அப்புறம் வயிறு காயும். அந்தப் பாவத்தைச் செய்த சக வாத்தியார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாயைக் கொடுத்தது

அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது மன்னார்புரத்தில் ஒரு டுடோரியலில் இருந்தேன். என் மெஸ்ஸில் இனி ராத்திரிச் சாப்பாடு மட்டும்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். ஓட்டலுக்குப் போக என் சம்பளம் இடம் கொடுக்காது. எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது நான் பேப்பரைத் திறப்பேன். கண் எங்கே போயிற்று என்பது வேறு விஷயம்.

"சாப்பிடலையா சார்?" என்றார் பிரின்சிபால். கௌரவம் விடுமா? சமயபுரத்து அம்மன் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிற பங்குனி மாதம் அது. அம்மனோடு நானும் விரதம் என்று சொல்லிவைத்தேன். மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளே கூப்பிட்டுச் சொன்னார்: "மத்தியானம் சும்மாத்தானே இருக்கீங்க, ஒரு மணிக்கு இன்னொரு கிளாஸும் எடுத்துடுங்க சார்."

ஸ்ரீரங்கத்துத் தோசை

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்ணுக்கு டியூஷன். பாடம் முடிந்ததும் அந்த வீட்டு மாமி இரண்டு தோசை தருவார். அதை நம்பித்தான் நான் இலக்கணமே நடத்தினேன். பிரின்சிபாலோ அந்த வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். விஷயம் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருநாள் அடுக்களையில் தோசை வார்க்கும் சத்தம் கேட்டது. எனக்கு வந்ததோ வெள்ளி டம்ளரில் துளசித் தீர்த்தம். அழுகையே வந்துவிட்டது எனக்கு. மாமியும் கண்கலங்கி நின்றார்: "உபவாசம்னு சொல்லவே இல்லையே! உங்களுக்குப் போய் தோசையைக் கொடுத்து, பெருமாளே, எத்தனை பாவத்தைக் கட்டிண்டேன்!"

ஒரு மணி கிளாஸ்

மறுநாள் பாடம், 'ஃபாஸ்ட்', 'ஸ்டார்வ்' என்ற இரண்டு வினைச்சொற்கள். சோறு இருந்தும் உண்ணாதிருந்தால் முதலாவது, சோறே இல்லாமல் கிடந்தால் இரண்டாவது என்று விளக்கிவிட்டு, உதாரணம் கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து சின்னக்கண்ணு எழுந்தார். மழையை நம்பிப் பயிர்செய்யும் மருங்காபுரிக்காரர், என்னைவிட மூத்தவர். குமாஸ்தா வேலைக்காக இங்கிலீஷோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியலைங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டார்.

கிளாஸ் முடிந்து எல்லோரும் சாப்பிட வெளியே போனதும், தன் தூக்குச்சட்டியை என் மேஜையில் வைத்துத் திறந்தார். கம்மஞ்சோறும் மோரும். எனக்கு விரதம் என்றேன். அவர் சட்டியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார்: "விரதக்காரரு அடுத்தவன் சட்டியையே பாத்துக்கிட்டிருப்பாரா? அம்மன் பண்றது ஃபாஸ்ட்டு, நீங்க பண்றது ஸ்டார்வு. நாலு பேரு முன்னாடி சொல்ல வேணாம்னுதான் உக்காந்துட்டேன். சாப்பிடுங்க சார்."

அம்மனின் விரதம் பங்குனி முடியும்வரை நடந்தது. என்னுடையது அன்றைக்கே, ஒரு பருக்கை மிச்சமில்லாமல், பூர்த்தியாயிற்று.