ஜெராக்ஸ் அக்காவின் தங்கமீன்

அந்தத் தெருவில் ஜெராக்ஸ் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டிய கடை. உள்ளே நகலெடுக்கும் இயந்திரம், லேமினேஷன் பெட்டி, பேனாவும் கவரும் அடுக்கிய கண்ணாடி அலமாரி. மேசை ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதற்குள் சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு தங்கமீன்.

அக்காவும் அவர் தங்கையும் ஒரே பையில் வாங்கி வந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்று அது. "பெருசாயிடுமா?" என்று அன்று கேட்டதற்கு, "தொட்டி எவ்ளோ பெருசோ அவ்ளோதான் வளரும், கவலையை விடுங்க" என்று மீன் கடைக்காரர் அடித்துச் சொன்னார். அதன் பிறகு தங்கையின் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. அவள் தன் மீனோடு வெளியூர் போய்விட்டாள்.

சொன்னபடியே கிண்ணத்து மீன் வளரவில்லை. "அக்கா, இது ரெட்யூஸ் பண்ணி எடுத்த காப்பியா?" என்று காத்திருப்பவர்கள் கிண்டலடிப்பார்கள். "என் மீனு இடம் பார்த்து நடந்துக்கும், உங்களை மாதிரி வழியை மறிச்சு நிக்காது" என்று அக்காவும் விடமாட்டார்.

மூன்று வருடம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனபோதுதான் அந்தப் பெருமைக்கு வேட்டு விழுந்தது. பின்கட்டுச் சிமெண்டுத் தொட்டியில் உள்ளங்கையை விடப் பெரிய தங்கமீன் ஒன்று வாலை விசிறிக்கொண்டு திரிந்தது.

"இது எப்ப வாங்கினே?"

"நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினதுதான்க்கா."

"கதை விடாதேடி."

"உன்கிட்ட கதை விட்டு எனக்கென்ன கிடைக்கப் போகுது?"

அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊர் திரும்பியதும் கிண்ணத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். வால் பக்கம் முதுகு லேசாக வளைந்திருந்தது. தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அது கண்ணில் படாமல் போயிருக்கிறது.

நேரே மீன் கடைக்குப் போனார். விஷயத்தைக் கேட்ட கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "தொட்டியைப் பார்த்து அது நிறுத்திக்கிறதில்லக்கா. கொஞ்சத் தண்ணியில அதோட கழிவே அதுக்கு விஷமாயிடுது. அதான் வளர்ச்சி குன்றிப் போகுது."

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"எங்கப்பா அப்படிச் சொல்லித்தான் வித்தாரு. நானும் அதையே சொல்லிட்டேன்."

அக்கா சண்டைக்குப் போகவில்லை. இருப்பதிலேயே பெரிய தொட்டியையும், தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டரையும் காட்டச் சொன்னார். கடையில் அதை வைக்க இடம்? நன்றாக வியாபாரம் நடந்த பேனா அலமாரியை அப்படியே தூக்கி விற்றுவிட்டார்.

"நாமளே வாடகை வீட்ல இருக்கோம், நீ மீனுக்குச் சொந்த வீடு கட்டுறே" என்றார் அவர் வீட்டுக்காரர். சொன்ன வாயோடு தொட்டியைத் தோளில் சுமந்து வந்து, ஸ்டாண்டு ஆடாமலிருக்க அட்டையை மடித்துக் கால்களுக்கு அடியில் செருகியவரும் அவர்தான்.

புதுத் தண்ணீர் திடீரென்று ஒத்துக்கொள்ளாது என்று கேட்டிருந்ததால், பழைய தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கிய பிறகே மீனை உள்ளே விட்டார். அவ்வளவு பெரிய தொட்டியில் அது ஒரு மூலையில், கிண்ணத்தின் அளவுக்கே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அக்கா நகல் எடுப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்தபடி நிற்பார். "போயேன், எல்லாம் உனக்குத்தான்" என்பார். சில நாள் கழித்து ஒரு காலை கடையைத் திறந்தபோது மீன் எதிர்க் கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டிருந்தது. அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப் போனார்கள்.

அதன் பிறகு மீன் கொஞ்சம் வளர்ந்தது, நிறமும் கூடியது. ஆனால் தங்கை வீட்டு மீனை அது எட்டவேயில்லை. முதுகும் நிமிரவில்லை. "இவ்ளோ செலவு பண்ணியும் இவ்ளோதானா?" என்று கேட்டவர்களிடம், "போனது போனதுதான். இனிமேலாவது நல்லா இருக்கட்டும்" என்பார் அக்கா.

அதோடு விட்டாரா? 'தங்கமீன் பெரிதாக வளரும். கிண்ணத்தில் வைத்தால் வளராது, நோயில் விழும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, மீன் கடைக்காரரிடம் நீட்டினார். மறுக்க முடியாமல் அவரும் மாட்டினார், மாட்டிய கையோடு தீவனப் பைகளைத் தொங்கவிட்டு அதை மறைத்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அக்கா பைகளை ஒதுக்கிவிட்டுப் போவார். இவர் ஒதுக்க, அவர் மறைக்க, இந்தக் கூத்து மாதக்கணக்கில் நடந்தது.

கடைசியில் சலித்துப் போனவர் கடைக்காரர்தான். ஒரு நாள் பைகள் வேறு ஆணிக்கு மாறியிருந்தன. வாசலில் விற்க அடுக்கியிருந்த மீன் கிண்ணங்களையும் காணோம்.

"எங்க போச்சு?" என்றார் அக்கா.

"கள்ளிச்செடி வைக்க ஆளுங்க கேக்குறாங்கக்கா, அந்தப் பக்கம் வெச்சிருக்கேன்" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.