மிச்சம் பிடித்த இரத்தம்

ஸ்டெல்லா வாயைத் திறந்ததும் நான் கையிலிருந்த, பல் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன். கீழ் முன்பற்களைச் சுற்றி ஈறு கருஞ்சிவப்பாக வீங்கி, பல்லில் பாதியை மூடியிருந்தது. தொட்டால் நான்கு பற்களும் ஆடின. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண், இளவயது. வயிற்றில் ஐந்து மாதம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹட்டன் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியொன்றில் பல் டொக்டராக இருந்தேன். பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் பல்லைக் காப்பாற்ற வருவதில்லை. பிடுங்கிக்கொண்டு போகத்தான் வருவார்கள். இன்னொரு நாள் வேலையை விட்டு வர முடியாதல்லவா? கூட வந்த மாமியாரும் அதைத்தான் கேட்டார்.

“ஆடுற பல்ல எல்லாம் இன்னைக்கே புடுங்கி விட்ருங்கம்மா. தெனமும் ரத்தம் போவுது. மொதப் புள்ளயும் தங்கல.”

ஸ்டெல்லா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“பல்லுத் தீட்டுறனீங்களோ, பிள்ளை?”

“நிறுத்திட்டேங்க.”

“ஏன்?”

“எனக்கு ரத்தம் பத்தாதுன்னு மிட்வைஃப் அம்மா சொன்னாங்க. வெளக்குனா ரத்தம் வருதுங்க. புள்ளைக்கு வேணும்ல? அதான் வெறுந்தண்ணியில கொப்புளிச்சிக்கிறேன்.”

மிட்வைஃப் சொன்னது சரி. இவள் யோசித்ததிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பல் ஆடுகிறது.

கர்ப்பகாலத்தில் ஈறு இலகுவாக வீங்கும் என்று சொல்லி, பல் விளக்கச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவள் விளக்கமாட்டாள். என் பேச்சை நம்பிப் பிள்ளையைப் பணயம் வைப்பாளா? அதனால் பல்லிடுக்கில் சுரண்டிய அழுக்கை ஒரு துளி உப்புநீரில் கலந்து, பக்கத்து லாபில் நுணுக்குக்காட்டியில் வைத்து அவளைப் பார்க்கச் சொன்னேன்.

“ஐயோ மாதாவே! நெளியுதுங்க! இதுங்கதான் ரத்தத்தக் குடிக்குதுங்களா?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. இந்தப் பற்றீரியாக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் மயிர்போல நீண்ட புரதங்கள் உண்டு. அந்த நுணுக்குக்காட்டியில் அவை தெரியா. நானே புத்தகத்துப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவற்றால்தான் பல்லிலும் ஈறிலும் பற்றிக்கொள்கின்றன. வெறுந்தண்ணீருக்கு அசையமாட்டா. அந்தப் புரதங்களை நம் உடம்பு அந்நியம் என்று கண்டுகொண்டு, அவ்விடத்துக்கு இரத்தத்தைக் கூட்டி வெள்ளணுக்களை அனுப்புகிறது. வீக்கமும் கசிவும் அதனால்தான். சண்டை நீண்டால் பல்லைத் தாங்கும் எலும்பையும் உடம்பே கரைத்துவிடும். கிருமி எலும்பைத் தின்பதில்லை, நாம்தான் கரைக்கிறோம் என்று படித்த நாளிலிருந்து எனக்கு வியப்பு அடங்கவில்லை.

“அட்டை கடிச்ச இடம் பிறகும் வீங்கியிருக்கும்தானே? அட்டை எப்பவோ போயிட்டுது. வீங்க வைக்கிறது உங்கட உடம்புதான். இதுவும் அப்பிடித்தான்” என்றேன்.

அவள் யோசித்தாள். “அட்டை சவுக்காரம் தேச்சா வுட்ரும்ங்க. இதுங்க எதுக்கு வுடும்?”

“பிரஷுக்குத்தான்.”

“அப்ப நான் வெளக்காததாலதான் ரத்தம் போவுதா?”

“ஓம்.”

“புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?” என்று மாமியார் குறுக்கிட்டார். அதற்குள் ஸ்டெல்லா தானே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்கேலிங் செய்து, பல்லில் படிந்திருந்த காறையைச் சுரண்டி எடுத்தேன். கிண்ணம் சிவந்தது. துப்பும்போதெல்லாம் கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “இன்னும் கொஞ்ச நாளைக்கு வரும், பிள்ளை. பிறகு நிக்கும்” என்று சொன்னேன். எனக்கும் பயம்தான். நிற்காவிட்டால் இவள் இனி பிரஷைத் தொடவே மாட்டாள்.

அடுத்த கிளினிக்குக்கு இருவரும் வந்தார்கள். வாயைக் காட்டச் சொன்னேன். காட்டவில்லை. பையிலிருந்து பிரஷை எடுத்து, கழுவுதொட்டி முன்னால் நின்று நன்றாக விளக்கித் துப்பினாள். நுரை வெள்ளையாக இருந்தது.

“பாத்துக்கங்க அத்தை” என்றாள்.

மாமியார் குனிந்து பார்த்தார். தண்ணீரைத் திறந்துவிடப் போன என் கையைத் தடுத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

பற்கள் மெல்ல இறுகின. மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். அதற்கும் ஸ்கேலிங்குக்கும் முடிச்சுப் போட மாட்டேன். புதிதாக வேலைக்கு வரும் டொக்டர்மாருக்கு ஒன்றுதான் சொல்வேன். பல் விளக்காதவரைத் திட்டுமுன் ஏன் என்று கேளுங்கள். சிலர் சோம்பலில் விட்டிருப்பார்கள். பிள்ளைக்காக விட்டவர்களும் இருக்கிறார்கள்.