ரோட்டில் ஊற்றிய ஊருணி

1. பாய்லரில் தண்ணீர் இல்லை

நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, "நம்ம சார் மாதிரி பொறுமைசாலி கிடையாது" என்று மாறி மாறிப் பேசினார்கள். அது பொறுமை இல்லை, பயம். அந்தப் பயத்தால் ஓர் ஊர் ஒரு கோடை முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். காரைக்குடிக்கும் கல்லலுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடிக்குள் லாரிகள் நுழையாமல் சுற்றிப் போவதற்கு ரிங் ரோடு போடுவதென்று முடிவாகியிருந்தது. புது ரோடு என்று பெயர்தானே தவிர, பாதிக்கு மேல் பழைய வண்டிப்பாதைகள். அவற்றை அகலப்படுத்தி, ஒன்றோடொன்று இணைத்து, ஜல்லி ரோடாக்கி, பிறகு தார் போட வேண்டும். நான் அந்தப் பகுதிக்கு சூப்பர்வைசர். இன்றைய கணக்குக்கு ஜே.இ. ஊரார் வாயில் ஓவர்சியர்.

ஜல்லி ரோட்டுக்குத் தண்ணீர்தான் உயிர். ஜல்லியைப் பரப்பி ரோலர் ஓட்டி, மேலே கிராவல் மண்ணைத் தூவி, தண்ணீர் விட்டு மறுபடியும் ஓட்ட வேண்டும். கிராவல் குழம்பாகி ஜல்லி இடுக்குக்குள் இறங்கினால்தான் ரோடு இறுகும். ரோலரும் அப்போது நிலக்கரி ரோலர். நீராவிக்கு அதற்கும் தண்ணீர் வேண்டும். மூன்று மைல் தள்ளி ஒரு தோட்டத்துப் பெருங்கிணற்றிலிருந்து கான்ட்ராக்டர் லாரியில் கொண்டுவர வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே இருந்தது.

பங்குனி மாதம், முதல் நாள் வேலை. ஆள் வந்தாயிற்று, ஜல்லி வந்தாயிற்று, தண்ணீர் லாரி மட்டும் வரவில்லை. பதினோரு மணிக்கு ரோலர் டிரைவர் சவரிமுத்து கத்தினார்.

"சார், பாய்லர் கிளாஸ்ல தண்ணி மட்டம் அடியில போயிருச்சு. இன்னும் அரைமணி பாப்பேன். அப்புறம் நெருப்ப இழுத்துப் போட்டுட்டு எறங்கிருவேன். பாய்லர் வெடிச்சா நீங்களும் நானும் கோட்டையூர்லதான் போய் விழுவோம்."

பக்கத்தில் இருந்த ஊருக்கு ஓடினேன். அங்கே இரண்டு ஊருணி. ஒன்று குளிக்க, துவைக்க. அது காய்ந்து வெடித்துக் கிடந்தது. இன்னொன்று குடிதண்ணீர் ஊருணி. செம்புறாங்கல் படிக்கட்டு, சுற்றிலும் முள்வேலி. ஆடு மாடு நெருங்கக் கூடாது. மனிதர்களும் கால் நனைக்கக் கூடாது. கடைசிப் படியில் குனிந்து மொண்டுகொள்ள வேண்டும். ஐப்பசி மழை வரும்வரை அந்த ஊர் மொத்தத்துக்கும் அதுதான்.

ஊர்த் தலைவரை அங்கே அம்பலம் என்பார்கள். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். நான் கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"தண்ணியின்னு கேட்டு வந்தவுகளுக்கு இல்லைன்னு சொன்ன ஊரு இல்ல இது. எஞ்சினுக்கும் தாகம்தான. எடுத்துக்கங்க. காலை மட்டும் நனைச்சிராதீக."

ஊர்ப் பெண்களே மொண்டு கொடுத்தார்கள். ரோலர் ஓடியது. நான் பெரிய சாமர்த்தியக்காரன் என்று எனக்கே நினைப்பு வந்தது.

2. ஆயில் என்ஜின்

நாலாம் நாள் காலையில் போனால் ஊருணிக் கரையில் ஆயில் என்ஜின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முள்வேலியைப் பிய்த்து வழி பண்ணியிருந்தார்கள். கான்ட்ராக்டர் ஆள் ஒருவன் முழங்கால் தண்ணீரில் நின்று ஹோஸைப் பிடித்துக்கொண்டு, வாயில் பீடியும் வைத்திருந்தான். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று சொல்வார்களே, கண்ணால் பார்த்தேன்.

கான்ட்ராக்டர் மதுரையில் இருந்தார். இங்கே எல்லாம் அவருடைய ஏஜெண்டுதான். வெள்ளைச் சட்டை கசங்காமல் வேலைக்கு வரும் ஆள். அவனிடம் பாய்ந்தேன்.

"யாரைய்யா கேட்டு இதுல இறங்குனீங்க?"

"என்ன சார் இப்புடிக் கேக்குறீக? நீங்கதான அம்பலத்துக்கிட்ட வாய் தொறந்து கேட்டு வாங்குனீக? ஓவர்சியரய்யா சொன்னாருன்னேன், ஊர்ல சரின்னுட்டாக."

"லாரி எங்கே?"

"இங்க இம்புட்டுத் தண்ணி கெடக்கையில லாரி எதுக்கு சார்?"

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! நேரே அம்பலத்திடம் போனேன். நீங்களே வந்து நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ஊருணியைப் பார்த்தார்.

"ஓவர்சியரய்யா, குடுத்த தண்ணிய எந்த வாயால நிப்பாட்டுன்னு சொல்றது? கேட்டது நீங்க. போதும்னு நீங்கதான் சொல்லணும்."

எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு நடந்தும் என்ன மனிதர் என்று. அவர் சொன்னது புரிய எனக்கு இன்னும் சில நாள் பிடித்தது.

அன்று சாயங்காலம் அசிஸ்டெண்ட் இன்ஜினியரிடம் சொன்னேன். எனக்கு மேலதிகாரி அவர். கான்ட்ராக்டர் ஏஜெண்டும் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஊர்ல சம்மதம் வாங்கியாச்சுல்ல? அப்புறம் என்னய்யா?" என்றார் ஏ.இ. "இன்னும் பன்னெண்டு நாள்ல இன்ஸ்பெக்‌ஷன். மழை பேஞ்சா ரொம்பிட்டுப் போகுது."

"சார், இங்க மழை ஐப்பசிலதான்."

"நீ ரோடு போட வந்தியா, ஊருணி வெட்ட வந்தியா?"

ஏஜெண்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஏ.இ. சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

3. செகப்பி இறக்கி வைத்த குடம்

பம்பு ஒன்பது நாள் ஓடியது. ஊருணியிலிருந்து வண்டி டிரம்முக்கு, டிரம்மிலிருந்து குடத்துக்கு, குடத்திலிருந்து ரோட்டுக்கு. ஊற்றியவர்கள் எல்லாம் அதே ஊர்ப் பெண்கள், கூலிக்கு வந்தவர்கள். நான் தினமும் படிகளை எண்ணினேன். முதல் நாள் ஆறு படி வெளியே தெரிந்தது. ஒன்பதாம் நாள் பதினைந்தாவது படிக்குக் கீழே களிமண் தெரிந்தது. எண்ணிவிட்டு வந்து ரோட்டின் முதுகு வளைவு, கேம்பர், சரியாக இருக்கிறதா என்று டெம்ப்ளேட் பலகையை வைத்துப் பார்ப்பேன். அந்த வளைவு அரை அங்குலம் தப்பினால் எனக்குக் கோபம் வரும்! ஊருணி வற்றினால் கோபம் வராது!

வந்தது. வெளியே காட்டத்தான் துப்பில்லை.

அந்தப் பெண்களுக்குத் தலைமையாக இருந்தவள் செகப்பி. முப்பது வயது இருக்கும். வாயும் கையும் சேர்ந்து ஓடும், யாரையும் கேலி பேசுவாள். ஒன்பதாம் நாள் கேலி இல்லை. நிறைகுடத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஓவர்சியரய்யா, இந்தத் தண்ணி ரோட்டுக்குள்ள எறங்குதே, திரும்ப எங்குட்டு வரும்?"

"எங்கேயும் வராதும்மா. வெயிலுக்குக் காய்ஞ்சு போகும்."

"ஊர்ல இன்னைக்கு மொறை வச்சுட்டாக. வீட்டுக்கு ரெண்டு கொடம். நாலு பிள்ளைகள வச்சுக்கிட்டு ரெண்டு கொடத்தத் தூக்கி வீட்டுல வச்சுட்டு, இங்க வந்து நாப்பது கொடம் ரோட்டுல ஊத்துறேன். ரெண்டும் ஒரே தண்ணி. எனக்குக் கை வர மாட்டேங்குது."

குடத்தை இறக்கி வைத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வைத்தாள். பிறகு, "வாங்கடி" என்றாள். எல்லாப் பெண்களும் குடங்களை இறக்கி வரிசையாக வைத்தார்கள். பாதி இறுகிய ஜல்லியில் ரோலர் நின்றது.

ஏஜெண்டு குதித்தான். வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டி வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தான். அப்போதுதான் அம்பலம் சொன்னது எனக்கு உறைத்தது. அந்த ஊர் தண்ணீரை நிறுத்தாது. கையை நிறுத்தத்தான் அவர்களால் முடிந்தது. தண்ணீரை நிறுத்த வேண்டியவன் கேட்டு வாங்கிய நான்.

ஊருணிக்குப் போய் ஆயில் என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி என் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டேன். கான்ட்ராக்டரைக் கட்டுப்படுத்தும் ஆர்டர் புக்கில் எழுதினேன்: குடிதண்ணீர் ஊருணியில் தண்ணீர் எடுக்கக் கூடாது, எஸ்டிமேட்டில் கண்ட கிணற்றிலிருந்து தண்ணீர் வரும்வரை வேலை நிறுத்தம்.

ஒரு மணி நேரத்தில் ஏ.இ. ஜீப்பில் வந்து இறங்கினார்.

"யாரைக் கேட்டு எழுதினே?"

"சார், ஊர்க்காரங்ககிட்ட கேட்டது நான். போதும்னு சொல்ல வேண்டியதும் நான்தான்."

"உன்னைத் தொலைச்சிடுவேன்."

தொலைத்தார். மெமோ வந்தது, பின்னாலேயே டிரான்ஸ்பரும் வந்தது. அதுகூடப் பெரிதில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தண்ணீர் லாரி வந்து நின்றது. அதே லாரி, அதே மூன்று மைல் கிணறு. முதல் நாளே வந்திருக்கக்கூடிய லாரி! ஒரே ஒரு வரி எழுதியதற்கு வந்த லாரியை, ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டு வரவிடாமல் வைத்திருந்தவன் நான். ஏ.இ.யைத் திட்டலாம், ஏஜெண்டைத் திட்டலாம், திட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் வேலியாக நின்றவன் நான். வேலிதான் பயிரை மேய்ந்தது.

4. போதும்

வைகாசியில் புது ஆளிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை அந்த ரோட்டில் சைக்கிளில் வந்தேன். நல்ல ரோடு. சைக்கிள் அலுங்கவில்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

எதிரே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு மைல் தள்ளி அடுத்த ஊர் ஊருணியில் மொண்டுகொண்டு, தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. நாங்கள் போட்ட ரோட்டில் லாரி ஓடுவதற்கு முன்னால் ஓடிய போக்குவரத்து அதுதான். சுடுகிற ஜல்லியில் வெறுங்கால்.

தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். செகப்பி விடவில்லை.

"ஓவர்சியரய்யா, மாத்திப்புட்டாகளாமுல்ல? வேகாத வெயில்ல வாரீக. தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

"வேண்டாம்மா. தாகமில்லை."

"ஒதடு காஞ்சு கெடக்கு, தாகமில்லையாம்! எறங்குங்க."

இறங்கினேன். கையைக் குவித்தேன். அவள் இடுப்புக் குடத்தைச் சரித்தாள். இரண்டு மைல் சுமந்த தண்ணீர். அவள் முகத்தில் கோபமே இல்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிள்ளைகளே, எந்த எஸ்டிமேட்டைக் கையில் வாங்கினாலும் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கே போய் நில்லுங்கள். நம் சீமையில் தண்ணீர் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நாம் நிறுத்தும்வரை கொடுப்பார்கள்.

அன்றைக்கு அவளும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். இரண்டு மடக்கு குடித்தேன். "போதும்" என்று நான் சொன்ன பிறகுதான் குடத்தை நிமிர்த்தினாள்.