பெஞ்சில் இருந்த பையனும் பேனல் நாற்காலியும்

கெமிக்கல் பிளான்டில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவனுக்கு இரண்டே வேலைதான்: ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது, தன் வாழ்க்கையிலும் ஒன்றும் நடக்கவில்லையே என்று நொந்துகொள்வது.

சவூதியில், ஜுபைலில் பதினோரு வருஷமாக இரண்டையும் ஒழுங்காகச் செய்துவருகிறேன். காகிதத்தில் நான் ஃபீல்டு ஆபரேட்டர். டார்ச்சும் ரேடியோவும் எடுத்துக்கொண்டு பம்பு பம்பாகப் போய் ரீடிங் எடுப்பவன், பதினான்கு தட்டு டவரில் ஏணி பிடித்து ஏறுபவன். பேனல் ஆபரேட்டர் என்பவர் ஏசி அறையில் எட்டு ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார்ந்து அதே பிளான்டை ஓட்டுபவர். அவர் லீவில் போனால் அந்த நாற்காலியில் என்னை உட்காரவைப்பார்கள், திரும்பி வந்ததும் எழுப்பிவிடுவார்கள். ஆக்டிங் என்று இதற்குப் பெயர். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. வலது முழங்கால் ஏணியைக் கண்டாலே முனகுகிறது. அடுத்த மெடிக்கலில் ‘உயரம் ஏறத் தகுதியில்லை’ என்று எழுதிவிடுவேன் என டாக்டர் போன வருஷமே சொல்லிவிட்டார். அதற்குள் பேனல் நிரந்தரமானால் பிழைத்தேன், இல்லாவிட்டால் எக்ஸிட் விசா அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக்டிங்கிலேயே தலை நரைத்த சகோதரர்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கைக்கு ஒருவன்

எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர் கிளென், அமெரிக்கர். அவரும் அவருடைய சிநேகிதர்களும் சேர்ந்து ஃபேன்டசி பேஸ்பால் விளையாடுவார்கள். நம் பையன்கள் மொபைலில் கிரிக்கெட் டீம் போடுகிறார்களே, அதேதான். சீசன் தொடங்கும்போது நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கு இத்தனை பேர் என்று பங்கிட்டுக்கொள்வார்கள். அவன் அங்கே அடித்தால் இவருக்கு இங்கே பாயிண்ட். காசு எதுவும் கிடையாது. ஜெயித்தவருக்கு, ஸ்கிராப்பில் போன வால்வு ஒன்றின் சக்கரத்துக்குத் தங்க நிறத்தில் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள்.

பன்னிரண்டு பேரில் ஒருவர் கான்ட்ராக்ட் முடிந்து போய்விட்டார். வாரா வாரம் இருவர் இருவராக மோத வேண்டும், பதினோரு பேரை வைத்து ஜோடி சேர்க்க முடியாது. ராத்திரி மூன்று மணிக்குக் கொட்டாவி விடாமல் கேள்வி கேட்கிறவன் என்பதால் கிளென் என்னைக் கூப்பிட்டார். எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. பேனலையும் மேனுவலைத் திருட்டுத்தனமாகப் படித்துத்தான் கற்றேன். பேஸ்பாலையும் அப்படியே ஒரு மாதத்தில் உருப்போட்டேன். மெனக்கெட்டு நோட்டெல்லாம் போட்டு, ஜெயிக்க என்ன வழி என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

“ஜெயிப்பதெல்லாம் எங்கள் கவலை ராஜ், நீ எண்ணிக்கைக்கு இருந்தால் போதும்.”

கடைசி ரவுண்டில் எடுத்த பையன்

ஆள் பிரிக்கும் நாளில் எல்லோரும் பெரிய பெயர்களாக அள்ளிக்கொண்டார்கள். கடைசி ரவுண்டில் நான் எடுத்தது ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனை. இடது கை ஆட்டக்காரன், எல்லைப் பக்கம் நிற்கிற அவுட்ஃபீல்டர். கீழ்ப்பிரிவில் ஆடும்போது பந்தை ஸ்டேடியத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தவன். நம் சிக்சர் மாதிரி அதற்கு ஹோம் ரன் என்று பெயர். நிறையத் தவறவும் விடுவான். ஆனால் அதுவல்ல கோளாறு. அவன் நிற்க வேண்டிய இடத்தில், நீண்ட ஒப்பந்தம் போட்ட ஒரு மூத்த ஆட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவனைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் எழுதினார்கள்: அடிக்கத் தெரியும், ஆட இடமில்லை. அதைப் படித்த பிறகு வேறு யாரையும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

என் ரூம் மேட் காதர் கீழக்கரைக்காரர், பிளான்ட் ஸ்டோரில் ஹெல்மெட்டும் கையுறையும் கொடுப்பவர். மொபைலை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏண்ணே, ஆடுறவன எடுக்கிறத விட்டுட்டு, ஆளு லீவுல போனாத்தான் இறங்குறவனப் போயி எடுத்து வச்சிருக்கீகளே, கண்ணாடியப் பாத்துக்கிட்டா எடுத்தீக?”

பதினோரு மணி

அமெரிக்காவில் சாயங்கால ஆட்டம் தொடங்கும்போது நமக்கு ராத்திரி இரண்டு. யார் யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் பதினோரு மணி வாக்கில் வரும். பிளான்டுக்குள் மொபைல் கூடாது, பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். கன்ட்ரோல் ரூம் வாசலில் பொந்து பொந்தாக ஒரு மரப்பெட்டி உண்டு. அதில் போட்டுவிட்டுத்தான் ரவுண்டு போக வேண்டும். முதல் ரவுண்டு முடிந்து வந்ததும், வியர்வை சொட்டச் சொட்ட, நான் கையை விடுவது குடிதண்ணீர்ப் பக்கம் அல்ல, அந்தப் பொந்துக்குள்.

பட்டியலில் பையன் பெயர் இருக்காது. ஒரு நாள் எதிரணியில் இடது கைக்காரன் பந்து வீசுகிறான் என்று உட்காரவைப்பார்கள். மறுநாள் வலது கைக்காரன் வீசுவான், அன்றைக்கும் உட்காரவைப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் இறக்குவார்கள். விறைத்த கையோடு மூன்று தடவை மட்டையை வீசி, மூன்றும் தவறி அவுட்டாகித் தலையைக் குனிந்துகொண்டு போவான். ‘இன்னும் பக்குவப்படவில்லை’ என்று மறுநாள் எழுதுவார்கள். வாரத்துக்கு மூன்று வீச்சில் எவன் பக்குவப்படுவான்? ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. லீகில் எல்லோரும் அவனை விட்டுத்தள்ளச் சொன்னார்கள். நான் விடவில்லை. பேனல் ஆபரேட்டர் சாமுவேல் மலையாளி, அந்த நாற்காலியில் பதினேழு வருஷம். தினமும் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமலே விசாரிப்பார்.

“இன்னைக்கும் பேரு இல்லையா? சாரமில்ல, பரவால்ல ராஜ், நாளைக்கும் பதினொண்ணு மணி வரும்.”

இரண்டு காயங்கள்

ஜூனில் அந்த மூத்த ஆட்டக்காரருக்கு ஓடும்போது தொடைத் தசை கிழிந்தது. செய்தியைப் பார்த்து நான் சிரித்தேன். மறைப்பானேன், பான்ட்ரியில் தனியாக நின்று வாய்விட்டே சிரித்தேன். அன்று ராத்திரி பட்டியலில் பையன் பெயர் இருந்தது. முதல் நாளே ஒரு ஹோம் ரன். அடுத்த நாள் இன்னொன்று.

அதே வாரம் சாமுவேலுக்கு முதுகு போயிற்று. கேம்ப் பாத்ரூமிலிருந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். பத்தொன்பது ராத்திரி நான் பேனலில் உட்கார்ந்தேன். ஒரு நாள் கம்ப்ரெசர் நின்று அத்தனை அலாரமும் ஒன்றாக அடித்தன. பிளான்டைப் பதறாமல் இறக்கி, விடிவதற்குள் திரும்ப ஏற்றினேன். கிளென் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சாமுவேல் இனிமேல் வரமாட்டார், நேராக ஊருக்குத்தான் என்று தெரிந்ததும், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தேன். அவர் ஒரு பழத்தை உரித்தபடியே சொன்னார்.

“ரொம்ப சோகமா ஒண்ணும் முகத்த வெக்கண்டா ராஜ், எனக்கு முன்ன அந்தச் சீட்டுல இருந்த ஆளுக்குக் கிட்னி போனப்போ நானும் ஆரஞ்சுதான் வாங்கிட்டுப் போனேன்.”

ஒரு காப்பி

ஜூலைக் கடைசியில் மூத்தவர் தொடை ஆறித் திரும்பினார். பையன் மறுபடி பெஞ்சில். எனக்குக் கவலையில்லை. மூத்தவரை வேறு அணிக்குத் தள்ளிவிடப் போகிறார்கள், ஒரு வாரம்தான் பாக்கி என்று நான் படித்த இடத்திலெல்லாம் இருந்தது. நாலு மாதம் பொத்திப் பொத்தி வைத்ததற்குப் பலன் வரும் நேரம்.

அப்போதுதான் கிளென் எனக்கு ஒரு காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு வருஷத்தில் முதல் காப்பி. “அந்தப் பையன் உன்னிடம் சும்மாதானே இருக்கிறான், எனக்குத் தருகிறாயா?” என்றார். பதிலுக்கு முப்பத்தாறு வயதுப் பந்துவீச்சாளர் ஒருவரைத் தருவதாகச் சொன்னார். காப்பியை உறிஞ்சிக்கொண்டே, பேனலுக்கு ஒரு பெயரை வியாழக்கிழமை ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு பெயர்கள்தான் இருந்தன: நான், பிறகு பகல் ஷிப்டில் ஆறு மாதமாக இருக்கிற விக்னேஷ் என்ற சென்னை இன்ஜினியர். காப்பியையும் வியாழக்கிழமையையும் அவர் முடிச்சுப் போடவில்லை. போட்டவன் நான். மேலே இருப்பவன் ஒன்றைக் கேட்டால், கேட்டது எதுவானாலும் கொடுத்துவிட்டு நிற்பதுதான் இங்கே நமக்குப் பழகிய வழி. பையனின் மதிப்பு தெரிந்தே, காப்பி ஆறுவதற்குள் சரி என்ற பட்டனை அழுத்தினேன். கிளென் மொபைலைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

“நீ முடியாது என்பாய், ரெண்டு நாள் பேரம் பேசலாம் என்றல்லவா நினைத்திருந்தேன்.”

வியாழக்கிழமை

மூத்தவரை விற்றுவிட்டார்கள். பையன் தினமும் ஆடினான். ஆகஸ்ட் முழுக்கப் பந்தை வானத்துக்கு அனுப்பினான். தங்க நிறச் சக்கரம் இப்போது கிளெனின் மேஜையில் பேப்பர்களுக்கு மேல் கனமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த பந்துவீச்சாளர் இரண்டாவது வாரமே முழங்கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனார்.

ஹெட் ஆபீசுக்குப் போன பெயர் விக்னேஷ்.

பதினோரு வருஷத்தில் முதல்தடவையாக நேராகப் போய் ஏன் என்று கேட்டேன். கம்ப்ரெசர் ராத்திரியைச் சொன்னேன். முழங்காலையும் சொன்னேன், கேட்கவே எனக்குக் கேவலமாக இருந்தது. கிளென் கெட்டவர் இல்லை. அப்படி இருந்திருந்தால் வைதுவிட்டாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நாற்காலியை என் பக்கம் திருப்பி, விஷயம் தெரிந்த ஆளிடம் பேசுகிற மரியாதையோடு பேசினார்.

“விக்னேஷுக்கு இருபத்தாறு வயது ராஜ், உன்னையே கேட்கிறேன், நீயாக இருந்தால் யாரை எடுப்பாய்?”

பதினான்காவது தட்டு

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதுதான் கொடுமை. டார்ச்சை எடுத்துக்கொண்டு ரவுண்டுக்குப் போனேன்.

போன வாரம் டவர் உச்சியில் ஒரு கேஜைப் பார்க்க ஏறினேன். ஒவ்வொரு தட்டிலும் நின்று முழங்காலைத் தேய்த்துவிட்டு ஏறியதில் அரை மணி ஆயிற்று. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது ரேடியோ கூப்பிட்டது. ரேடியோவில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்பது ரூல். பாவம், பேனலில் இருந்த விக்னேஷுக்குப் பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது.

“அங்கிள், ஸ்கிரீன் முழுக்க ரெட்டா அடிக்குது, நீங்க ஆக்டிங்ல இருந்தப்ப இதுக்கு என்ன பண்ணுவீங்க?”

மேலே நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன், பிளான்ட் பிழைத்தது. லீகில் பன்னிரண்டு பேரில் எனக்குப் பதினோராவது இடம், மெடிக்கல் ரிசல்ட் வருகிற வியாழக்கிழமை.