பொட்டு வைத்த டிஸ்க்

ஆயுத பூசைக்கு மறுநாள் மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. அதை இயக்கும் ஓஎஸ் மென்பொருள் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, பென்டிரைவைச் செருகிப் புதிதாக ஏற்ற உட்கார்ந்தேன். எல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது திரை. பென்டிரைவை மாற்றினேன். பயாஸ் என்ற அடிப்படை அமைப்புக்குள் போய்த் தெரிந்ததையும் தெரியாததையும் மாற்றினேன். மறுபடி அதே வரி. சொசைட்டிக்குப் பால் கொண்டு போக நேரமாகிவிட்டது. உட்காரவும் முடியவில்லை, விட்டுப் போகவும் மனசில்லை.

கடைசியில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தூசியே இல்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். டிஸ்க்கில் கேபிள் செருகும் வாயிலேயே சந்தனம் இறுகிக் கிடந்தது.

"இதையுமா தொறந்த?" என்று மனைவியிடம் கத்தினேன்.

"பால் கறக்கற மிசினைக் கழட்டித் தொடச்சுப் பொட்டு வெக்கறமில்லீங்க? இதை மட்டும் உடறதுங்களா?"

பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்துக் கேபிளைச் செருகினேன். டிஸ்க் வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றப் போனேன்.

"ஏனுங்க, அதான் வந்திருச்சுங்களே, அப்புறம் எதுக்குங்க அழிக்கறீங்க? பாப்பா கண்ணாலப் போட்டோ பூராவும் அதுலதானுங்க இருக்குது."

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டேன். ஓஎஸ் எங்கேயும் போயிருக்கவில்லை. கல்யாணக் கோலத்தில் எங்கள் மகள் திரை நிறைய நின்றாள். அழிக்கும் பொத்தானை அழுத்தப் போன விரலை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.