மழைக்குருவியின் பதில்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்ட பிறகும் அவளை எல்லோரும் லேப் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பக்கவாதத்தில் படுத்த கணவரைப் பார்த்துக்கொள்ளத்தான் வேலையை விட்டாள். படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவது, புரையேறாமல் ஊட்டுவது என்று பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் வாராவாரம் மின்மடலாக எழுதினாள். அதற்கான பக்கத்தை அமைத்துக் கொடுத்தது தங்கை.

“எழுதினா மட்டும் போதாதுக்கா. கடைசியில ஒரு கேள்வி கேளு, ஓட்டுப் போடச் சொல்லு, சாட்டுல பேசு. அப்பத்தான் படிக்கிறவங்க ஒட்டுவாங்க.”

கேட்டாள். கிணற்றில் போட்ட கல்தான். ஒருநாள் ‘மழைக்குருவி’ என்றொரு வாசகி பதில் போட்டாள். படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாளாம். அவளைப் பார்த்து மற்றவர்களும் வாய் திறந்தார்கள். பின்னர் இருவரும் தனிச்செய்தியில் பேசிக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லாததை லேப் அக்கா அவளிடம் கொட்டினாள்: ‘என் தங்கை விருந்தாளி மாதிரி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விடுகிறாள்.’

அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மாமாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று தங்கையிடம் கேட்டாள்.

“நான்தான் விருந்தாளியாச்சே! செருப்பைக் கழட்டாத விருந்தாளி!” என்று வெடித்தவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வார்த்தைகளை லேப் அக்கா ஒருத்திக்குத்தான் எழுதியிருந்தாள். “மழைக்குருவி நீதானா?”

“ஒருத்தருமே பதில் போடலன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டிருந்தே. ஆரம்பிச்சு வைப்போம்னு...”

“சரி, ஆரம்பிச்சு வச்சே. அப்புறம் ஏன்டி என் மனசுல இருக்கறதெல்லாம் தோண்டிக் கேட்ட?”

“எங்கிட்ட ஒருநாளாவது நீ அப்படிப் பேசியிருக்கியாக்கா?”

அது உண்மை. அதனால்தான் இன்னும் எரிந்தது.

“உன் மாமியார்?”

“கல்லுக்குண்டாட்டம் இருக்காங்க.”

அந்த மாமியாருக்காக எத்தனை நாள் கண்ணீர் விட்டிருக்கிறாள்!

மழைக்குருவியைப் பக்கத்திலிருந்து நீக்கினாள். வாசகர்கள் விடவில்லை, எங்கே அவர், மாமியாருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். பொய்க்கு மேல் பொய் அடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ‘அப்படி ஒருவர் இல்லை. என் வீட்டு ஆள் போட்ட வேஷம். எனக்கும் தெரியாது’ என்று எழுதினாள். சிலர் விலகினார்கள். ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் மட்டும், “என் சம்சாரம் நிஜமாத்தாம்மா படுத்திருக்கா. எழுதுங்க” என்று பதில் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். மாமாவுக்கு ஊட்டினாள், முதுகைத் துடைத்துவிட்டாள். லேப் அக்கா வெளியே கிளம்பினாள். சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கிக் கையோடு எடுத்துக்கொண்டாள். தங்கை இருக்கும் வீட்டில் அதை விட்டுப்போக மனம் ஒப்பவில்லை.