அடி வெட்டிய கொப்பி

என் அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் ஒரு தடித்த கொப்பி கிடக்கிறது. நீல மட்டை, உள்ளே முப்பத்தொரு கதைகள். கதை முடிகிற தாள்களில் மட்டும் அடிப்பகுதி நான்கு விரல் அகலத்துக்கு இல்லை. வெட்டியவள் நான். தையல் கத்தரிக்கோலால் நேராகத்தான் தொடங்கினேன், போகப்போகக் கை கோணிவிட்டது. பார்க்கிறவர்கள் கறையான் அரித்ததோ என்று கேட்பார்கள். அந்தப் பொய்யை முதன்முதலில் சொன்னவளும் நான்தான்.

சண்டைக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தேன். காணி உறுதிப் பத்திரம் முடிக்கிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். காணி வாங்கவும் ஆளில்லை, விற்கவும் ஆளில்லை. நொத்தாரிசு ஐயாவோ சும்மா இருக்க ஏலாத மனிதர். பக்கத்து வாசிகசாலையில், பூரணை விடுமுறை தோறும் பின்னேரம் நாலு மணிக்கு ஊர்ச் சரித்திரம் சொல்லும் கூட்டத்தைத் தொடங்கினார். ஊரடங்குக்கு முன் எல்லோரும் வீடு சேரவேண்டும், ஆகவே ஐந்தரைக்கு முடித்துவிடுவார். சாம்பல்தீவுக்காரர் சைக்கிளில் வருவார்கள், மூதூர்க்காரர் லோஞ்சுப் படகில் வருவார்கள். வெளியே என்ன நடந்தாலும் உள்ளே எந்தக் குளத்தை யார் திருத்தினார்கள், எந்தக் கோயில் மணி எந்தக் கப்பலில் வந்தது என்று ஒன்றரை மணி நேரம் வாதாடுவார்கள்.

ஆனால் ஐயா நொத்தாரிசு அல்லவா? கதையையும் உறுதி முடிக்கிற மாதிரித்தான் முடிப்பார். சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதவேண்டும், தாளில் ஒரு பக்கம் மட்டும். கதை முடிந்ததும் சொன்னவர் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். கீழே இரண்டு சாட்சிகள். அவர்களிடம் ஒரே கேள்விதான்: “கண்டனீரோ, கேட்டனீரோ?” கண்டவர் ‘நானும் கண்டனான்’ என்றும், கேட்டவர் ‘நானும் கேட்டனான்’ என்றும் எழுதுவார். சாட்சி கிடைக்காத கதையை அடுத்த பூரணைக்குத் தள்ளிவிடுவார். நானும் ஒருமுறை சாட்சி வைக்க ஆசைப்பட்டேன். “எழுதுற ஆள் சாட்சி வைக்கேலாது பிள்ளை, சட்டம் இடம் தராது” என்றார். கதைக்கு என்ன சட்டமோ! எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு பூரணைக்குச் சாம்பல்தீவிலிருந்து கரைவலைக்காரர் ஒருவர் வந்தார். உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலை, பத்து வயதுப் பொடியனாகத் தகப்பனோடு வலை இழுத்துக்கொண்டு நின்றாராம். விமானச் சத்தத்துக்கு மற்றவர்கள் கயிற்றை விட்டு ஓட, தகப்பன் விடவில்லை. தகப்பன் விடாததால் இவரும் விடவில்லை. வலை நிறையக் கீரி மீன். வாங்க ஊரில் சனமில்லை, எல்லோரும் மூட்டை முடிச்சோடு வீதியால் ஓடிக்கொண்டிருந்தார்கள். தகப்பனும் மகனும் வீதியோரத்தில் மூன்று கல் வைத்து, மீனை அவித்துப் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்களாம். கதை முடிய, டவுனில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் காக்கா ஒருவர் எழும்பினார். “அந்த மீனத் திண்டவருல எங்கட வாப்பாவும் ஒராள். உப்பில்ல எண்டு சாகும் வரைக்கும் சொல்லுவாரு.” வாசிகசாலையே சிரித்தது. கரைவலைக்காரருக்குக் கையெழுத்துத் தெரியாது, ஆகவே பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார். வைத்தது கதையின் கடைசி வரி எழுத்துகளின் மேலேயே. “இடம் விட்டிருக்கிறன், அங்க வையாமல் எழுத்துக்கு மேல வைச்சிட்டீரே!” என்று ஐயா ஏசினார். அவர் விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, “கதையும் என்ரதானே ஐயா” என்றார்.

அடுத்த மாதமே எங்கள் பகுதியில் சுற்றிவளைப்பு. இரண்டு தெரு தள்ளி ஒரு விளையாட்டுக் கழகத்தின் ஆள் வரவுப் புத்தகம் ஆமிக்காரரிடம் அகப்பட்டு, அதில் பெயர் இருந்த அத்தனை பேரையும் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. அன்று மத்தியானம் ஐயா குடையும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். பிழை திருத்துவதற்காகக் கொப்பி என்னிடம்தான் இருந்தது. மாதா மாதம் கூடுகிற தொண்ணூறு பேர், பெயரோடும் அடையாள அட்டை இலக்கத்தோடும். நாங்களே எழுதி வைத்த பட்டியல்.

“கொளுத்திப்போடு பிள்ளை” என்றார்.

“பேர்தானே ஐயா ஆபத்து? கதை என்ன செய்தது?”

“சாட்சியில்லாத கதை வெறும் கதை. அதை வைச்சிருந்து என்ன?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனையையும் கையால் எழுதி, இரவிரவாக இருந்து திருத்தியவள் நான். கத்தரிக்கோலை எடுத்து முதல் தாளை வெட்டினேன். ஐயா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு அவராகவே எழும்பி வந்து, வெட்டிய துண்டுகளைப் பொறுக்கிக் குசினிக்குள் கொண்டுபோனார். அடுப்புக்கு முன் குந்தியிருந்து ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்து வாசித்துப் போட்டார். முப்பது வருடம் பிறர் கையெழுத்தைக் காப்பாற்றிய மனிதர். அவர் கண் சிவந்திருந்தது. புகை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரன் கொப்பியைப் புரட்டினான். “ஏன் வெட்டினது?” என்று கொச்சைத் தமிழில் கேட்டான். கறையான் என்றேன். வாசலில் எறிந்துவிட்டுப் போனான். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒருவரையும் அந்தக் கொப்பியால் கூப்பிடவில்லை. ஆனால் ஐயா அதற்குப் பிறகு கூட்டம் வைக்கவில்லை. “சாட்சி வைக்கப் பயப்பிடுற இடத்தில சரித்திரம் சொல்லேலாது” என்றார். அடுத்த வருடம் காலமானார். அவரோடு நான் பிறகு சரியாகக் கதைக்கவுமில்லை. அது இன்றும் எனக்கு மனவருத்தம்.

போன மாதம் சாம்பல்தீவிலிருந்து ஒரு பெண் தேடி வந்தாள். கரைவலைக்காரரின் கடைசி மகள். தகப்பன் அந்தக் கூட்டம் நடந்த வருடமே கடலுக்குப் போனவர் திரும்பவில்லையாம். அப்போது அவளுக்கு ஏழு வயது. வீட்டில் இருந்த ஒரே படத்தையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. “அப்பா உங்கட கொப்பியில கைநாட்டு வைச்சவராம். ஒருக்காப் பார்க்கலாமோ அன்ரி?”

நான்தான் வெட்டினேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். எரித்ததையும் சொன்னேன். அவள் அழவில்லை. “கதையெண்டாலும் வாசியுங்கோவன்” என்றாள்.

கொப்பியை எடுத்து வாசித்தேன். கயிற்றை விடாத தகப்பன், கீரி மீன், மூன்று கல், உப்பு. கடைசித் தாளுக்கு வந்தேன். கடைசி வரி எழுத்துகளின்மேல் ஒரு மங்கிய நீலக் கறை. அவர் பெருவிரலின் மேல்பாதி. ரேகைகூடத் தெரிந்தது. என் கத்தரிக்கோல் அதன் நடுவால் போயிருந்தது. ஐயா ஏசிய அந்தப் பிழையான இடத்தில் வைத்ததால் மிஞ்சிய பாதி.

அவள் அதைத் தொடவில்லை, தன் பெருவிரலை நிமிர்த்தி அதற்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

பேனையை எடுத்து, தாளின் ஓரத்தில் ‘நானும் கேட்டனான்’ என்று எழுதி என் கையெழுத்தை வைத்தேன். எழுதுகிற ஆள் சாட்சி வைக்கேலாதுதான், ஐயா மன்னிக்கட்டும். இரண்டாவது சாட்சிக்கு அவளிடம் பேனையை நீட்டினேன். என் எழுத்தைப் பார்த்து அதையே எழுதினாள். பிறகு நிமிர்ந்து, “அடையாள அட்டை நம்பரும் போடட்டோ?” என்று கேட்டாள்.

“போடு” என்றேன்.